கடுகண்ணாவை ஏற்றத்தில் கைவிட்ட கார்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வீதியில் மாவனல்லையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் மலை தொடங்கிவிடும். கடுகண்ணாவை ஏற்றம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஆங்கிலேயர் 1820களில் வெட்டிய வீதி. அதனை அமைப்பதில் முன்னின்ற கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட வெண்ணிறக் கோபுரம் இன்றும் ஏற்றத்தின் உச்சியில் நிற்கிறது. இருபத்தைந்து வருடங்களுக்கு மேற்பட்ட பத்திரிகைத் தொழிலில் அந்த ஏற்றத்தில் பஸ்ஸிலும் அலுவலக வானிலும் நண்பர்களின் கார்களிலும் எத்தனை தடவை ஏறியிறங்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒருதடவையேனும் இடையில் நின்றதில்லை. 2019 ஜூலை முதல் வாரத்தில், நூல் வெளியீடொன்றில் பேசுவதற்காக எனது சொந்தப் புதுக் காரில் போனபோதுதான் நின்றேன்.

கார் வாங்கி ஐந்து மாதங்கள் முடிந்திருக்கவில்லை. முகப்பிலிருந்த கணிப்பான் 7,812 கிலோமீற்றரைக் காட்டியது. மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது எஞ்சின் திடீரென்று உரத்துக் கத்தியது. வேகம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. இரண்டாவது கியருக்கு மாற்றினேன். சத்தம் கூடியதேயன்றி வேகம் கூடவில்லை. பின்னால் வந்த லொறிக்காரர் ஹோனை அழுத்திக்கொண்டே வந்தார்.

"அப்பா, எஞ்சின்தான் ஓடுது. கார் ஓடேல்லை" என்றாள் பக்கத்திலிருந்த மகள்.

வீதியோரப் பழக்கடையொன்றின் முன்னால் ஒருவாறு ஒதுக்கி நிறுத்தினேன். கதவைத் திறந்ததும் கருகிய நாற்றம் மூக்கில் அடித்தது. கடைக்காரப் பெண்மணி எங்களைக் கேட்காமலே, "கிளச்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அந்த ஏற்றத்தின் அடியில் கடை வைத்திருப்பவருக்கு அந்த மணம் புதிதல்ல போலும்.

கூட்டத்துக்கு வேறொருவருடைய வாகனத்தில் போய்ச் சேர்ந்தேன். என்ன பேசினேன் என்பது இன்று ஞாபகமில்லை.

அந்தக் காரை நாங்கள் வாங்கிய கதையைச் சிறிது சொல்லவேண்டும். பத்திரிகைக்காரனின் சம்பளத்தில் இலங்கையில் புதுக் கார் வாங்குவதென்பது, வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள் நினைப்பதைப்போல ஒரு வார இறுதி அலுவல் அல்ல. காரின் விலையோடு அரசாங்கத்தின் வரியும் சேர்ந்துவிடும். மிச்சத்தை லீசிங் கம்பனி தரும். கடன் தீரும்வரை பதிவுப் புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயரே இருக்கும். நாங்கள் வெறும் பதிவு செய்யப்பட்ட உரிமையாளர்கள். எனது சேமலாப நிதியில் எடுத்ததும், மனைவியின் காப்பு இரண்டும், மகளின் முதல் இரண்டு வருடச் சம்பளத்தில் ஒரு பகுதியும் முற்பணமாகப் போயின. ஓட்டோ கியர் உள்ளதென்றால் இன்னும் சில இலட்சம் கூட. அதனால் கையால் கியர் போடும் காரையே எடுத்தோம். "மனுவலில் ஓட்டப் பழகினால்தான் ஓட்டத் தெரியும்" என்று மகளுக்கு நான் ஒரு பிரசங்கமும் செய்தேன். பணமில்லாததைக் கொள்கையாக்குவது எங்கள் தலைமுறையின் பழக்கம்.

விற்பனையாளர் தந்த கையேட்டில் உத்தரவாதம் மூன்று வருடங்கள் அல்லது ஒரு இலட்சம் கிலோமீற்றர், எது முந்துகிறதோ அது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதே கையேட்டின் பின்பக்கங்களில், பாவனையால் தேயும் பாகங்களுக்கு உத்தரவாதம் இல்லை என்று சிற்றெழுத்தில் இருந்தது. பிரேக் பாட், வைப்பர் இறப்பர், மின்குமிழ், வடிகட்டிகள் என்று வரிசையாகப் போய் நடுவில் கிளச் தட்டு. எழுத்துப்பிழை திருத்தியே கண் பழுதான நான் அந்தப் பக்கத்தைக் கார் பழுதான பிறகுதான் முதன்முதலாக வாசித்தேன்.

கிளச் என்பது என்னவென்று அதுவரை நான் சிந்தித்ததில்லை. பின்னர் கற்றுக்கொண்டதை எளிமையாகச் சொல்கிறேன். எஞ்சினின் பின்புறத்தில் கனத்த இரும்புச் சக்கரமொன்று சுழன்றுகொண்டிருக்கும். அதற்கு பிளைவீல் என்று பெயர். அதற்கும் பிரெஷர் பிளேட் எனப்படும் அழுத்தும் தகட்டுக்கும் இடையில், இரு பக்கமும் உராய்வுப் படை ஒட்டிய மெல்லிய வட்டத்தட்டு இருக்கிறது. சக்தி வாய்ந்த வில்லொன்று மூன்றையும் இறுகப் பிடித்திருக்கும்போது எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டிக்குப் போகிறது. நாம் இடது காலால் மிதியை அழுத்தும்போது ஒரு பெயாரிங் அந்த வில்லின் விரல்களைத் தள்ளிப் பிடியைத் தளர்த்துகிறது. முழுதாக மிதித்தால் தேய்வு இல்லை. முழுதாக விட்டாலும் தேய்வு இல்லை. பாதியில் நிற்கும்போதுதான் தட்டு வழுக்கிச் சூடேறிக் கருகுகிறது. கார் புறப்படும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாதி நிலை சில கணங்கள் தேவை. ஒழுங்காக ஓட்டினால் ஒரு தட்டு அறுபதாயிரம், எண்பதாயிரம் கிலோமீற்றர் தாண்டியும் தாங்கும். எங்களுடையது எட்டாயிரத்தையே காணவில்லை.

கம்பனியின் பார ஊர்தியொன்று காரைத் தூக்கிக்கொண்டு கொழும்புச் சேவை நிலையத்தில் சேர்த்தது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் நானும் மகளும் போனோம். கண்ணாடி அறை, குளிரூட்டி, இனிப்புப் பால்தேநீர். இளைஞரான சேவை அதிகாரி சிங்களமும் ஆங்கிலமும் கலந்து மரியாதையாகவே பேசினார். காரைப் பத்து நிமிடங்கள் பார்த்துவிட்டு வந்து, கிளச் தட்டு முடிந்துவிட்டது என்றார். பிறகு ஒரு படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்:

"யார் ஓட்டுகிறீர்கள்?"

"நானும் மகளும்" என்றேன்.

"மகள் எப்போது அனுமதிப்பத்திரம் எடுத்தார்?"

"போன வருடம்."

அவர் தலையை அசைத்தபடி எழுதினார். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக எழுத்தை வாசிப்பது பத்திரிகைக்காரருக்கு வரும் கலை. ஈய அச்சுக் காலத்தின் கடைசிப் பகுதியைக் கண்டவன் நான். 'பிரதான சாரதி: மகள். புதிய சாரதி' என்று எழுதியிருந்தார். நான் எத்தனை வருடமாக ஓட்டுகிறேன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கொழும்பில் புதிதாக ஓட்டுபவர்கள், அதிலும் பெண்கள், நெரிசலில் பாதிக் கிளச்சில் காரைப் பிடித்துவைத்திருப்பது வழக்கம், இது சாரதியின் தவறான பாவனை, உத்தரவாதத்தில் வராது, கிளச் தொகுதி, பெயாரிங், பிளைவீலைச் சீராக்குதல், கூலி எல்லாமாக அறுபத்தெட்டாயிரம் ரூபா ஆகும் என்றார். சம்மதமென்றால் கையொப்பமிட்டதும் கழற்றுவார்கள்.

எனக்கு அன்று அது நியாயமாகவே பட்டது. அந்த வருடம் ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர் கொழும்பின் வீதிகள் பழைய காலத்துக்குத் திரும்பியிருந்தன. சோதனைச் சாவடிகள், தடைக்கம்பங்கள், நத்தையாய் ஊரும் வரிசைகள். வெள்ளவத்தையிலிருந்து ராஜகிரியவிலுள்ள தன் அலுவலகத்துக்கு மகள் தினமும் அந்த வரிசைகளினூடாகத்தான் போய்வந்தாள். வேறென்ன காரணம் இருக்கமுடியும்?

வீட்டுக்குத் திரும்பும் வழியில் முச்சக்கர வண்டியில் வைத்து அவளைப் பேசினேன். எவ்வளவு சொல்லித் தந்தும் கவனமில்லை, அம்மாவின் காப்பு இரண்டும் புகையாய்ப் போய்விட்டது என்றெல்லாம் பேசினேன். வண்டிக்காரர் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். அவள் அழவில்லை. கொள்ளுப்பிட்டிச் சந்தி தாண்டியதும் ஒன்று மட்டும் சொன்னாள்.

"மே மாதம் நான் உங்களிட்டைச் சொன்னனான் அப்பா. சேர்விஸிலை விட்டெடுத்த பிறகு கிளச் மேலை வந்துதான் பிடிக்குது எண்டு. 'புதுக் கார் அப்பிடித்தான், பழகிக்கொள்' எண்டு சொன்னீங்கள்."

சொன்னது உண்மை. சொன்ன அன்று நான் தலையங்கமொன்றை முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். அதுவும் உண்மை.

வீட்டில் சேவைப் பற்றுச்சீட்டுகளைத் தேடி எடுத்தேன். மே மாதம் கடைசி வாரத்தில் ஐயாயிரம் கிலோமீற்றர் சேவை நடந்திருக்கிறது. காரைக் கொண்டுபோனவள் மகள். வேலை அட்டையில் வாடிக்கையாளர் முறைப்பாடு என்ற இடத்தில், 'பின்கியர் விழக் கஷ்டம், உரசும் சத்தம்' என்றிருந்தது. செய்த வேலை என்ற இடத்தில், 'கிளச் கேபிள் இறுக்கிச் சரிசெய்யப்பட்டது' என்றிருந்தது. அவ்வளவுதான். அந்த இரண்டு வரிகளும் என்ன சொல்கின்றன என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கக்கூடிய ஒருவரிடம் போனேன்.

மாளிகாவத்தையில் கராஜ் வைத்திருந்த நானாவை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். எங்கள் அலுவலக வான்களை ஒருகாலத்தில் அவர்தான் பார்த்தார். வழமையாக அவருடைய கராஜில் கால்வைக்க இடமிருக்காது. அன்று போனபோது ஒரேயொரு ஓட்டோ நின்றது. பையன்கள் மூவரில் ஒருவனே இருந்தான். ஏப்ரலுக்குப் பிறகு சிங்கள வாடிக்கையாளர்கள் வருவதில்லை என்றார். தமிழர்களும் குறைவுதான் என்பதை அவர் சொல்லவில்லை. பதினெட்டு வருடமாக வந்த ஒருவர் வீதியின் மறுபக்கத்தால் நடந்துபோகிறாராம். "நாம என்ன செஞ்சோம் சேர்?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் தேடுவதற்குள், "சரி, காரு எங்க நிக்கிது?" என்றார்.

மூவரும் சேவை நிலையத்துக்குப் போனோம். கார் இன்னும் கழற்றப்படாமல் முற்றத்தில் நின்றது. நானா சாரதி ஆசனத்தில் அமரவில்லை. கதவருகே குந்தியிருந்து, இரண்டு விரல்களால் கிளச் மிதியை மெதுவாகத் தள்ளினார். கேபிள் உள்ள கார்களில் மிதி முதல் சிறிது தூரம் பாரமில்லாமல் உள்ளே போகவேண்டும். ஏறத்தாழ ஒரு விரல் அகலம். அதற்குப் பிறகுதான் வில்லின் எதிர்ப்பு தெரியவேண்டும். பிளே என்பார்கள். எங்கள் மிதியில் அந்த இடைவெளி அறவே இல்லை. தொட்ட உடனே பாரம். அதாவது, கால் வைக்காதபோதும் பெயாரிங் வில்லை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. பின்கியர் உரசுகிறது என்று சொன்னதற்காகக் கேபிளை இறுக்கியவர் அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் இப்படி ஆகும் என்றார் நானா. மகள் என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்க்காமல் இருந்தது எனக்குப் போதுமானதாக இருந்தது.

செய்தி கிடைத்துவிட்டது என்ற உற்சாகம் எனக்கு. தலைப்புக்கூட மனதில் ஓடத் தொடங்கியது. நானா கையைத் துடைத்தபடி எழுந்து நின்றார்.

"ஆனா சேர், இத வெச்சி மட்டும் பேச ஏலாது. பிளே இல்லாட்டி பிளேட் தேயும். பிளேட் தேஞ்சாலும் பிளே இல்லாமப் போகும். எது மொதல்ல நடந்திச்சின்னு மிதி சொல்லாது."

தட்டு தேயத் தேய அழுத்தும் தகடு பிளைவீலை நோக்கி நகர்கிறது. அதனால் வில்லின் விரல்கள் பெயாரிங்கை நோக்கி வருகின்றன. இடைவெளி தானாகவே குறைகிறது. கம்பனி இதைத்தான் சொல்லும் என்றார். பிறகு, முற்றத்தின் ஓரத்திலிருந்த வெற்றிடத்தைக் காட்டி, "ரெண்டு பேரும் ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க. சமதரையில போகும்" என்றார்.

முதலில் மகள் ஓட்டினாள். நானா இடது ஆசனத்தில் இருந்து அவளுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது யார் போய்த் திரும்பி வந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நான் ஓட்டினேன். மகள் பின்னாசனத்தில் இருந்தாள். பத்து யார் போயிருக்கமாட்டேன்.

"சேர், கால எடுங்க."

எனக்கு விளங்கவில்லை. கீழே பார்த்தேன். கியரைப் போட்டுக் கிளச்சை விட்ட பிறகும் எனது இடது கால் மிதியின்மேலேயே ஓய்ந்திருந்தது. அழுத்தவில்லை. வெறுமனே வைத்திருந்தேன். ஆனால் இடைவெளியில்லாத அந்த மிதியில் ஒரு செருப்பின் பாரமே போதுமானது.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் கார் ஓட்டப் பழகியது 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில். பொருளாதாரத் தடை காரணமாகப் பெற்றோல் கிடையாது. பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் கார்களைப் பெற்றோலில் சில துளிகள் காட்டி உயிர்ப்பித்து, மண்ணெண்ணெய்யில் ஓட்டிய காலம். எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி எழுப்புவது பெரும்பாடு. அந்தச் சில துளிப் பெற்றோலும் யாரிடமாவது கைநீட்டி வாங்கியதாக இருக்கும். ஆகவே எஞ்சின் இருமத் தொடங்கினால் அந்தக் கணமே மிதிப்பதற்கு ஆயத்தமாக இடது கால் எப்போதும் கிளச்சின்மேல் இருக்கவேண்டும் என்று மாமா சொல்லித் தந்தார். தடை போய்ப் பல வருடங்களாகிவிட்டன. மாமாவும் போய்விட்டார். கால் மட்டும் அங்கேயே இருந்திருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் எனக்கென்று ஒரு கார் இருந்ததில்லை. ஓட்டியதெல்லாம் அலுவலக வான்கள். அவற்றின் கிளச்சுகள் எத்தனை நாள் தாங்கின என்று கேட்டால் நானாவுக்குத்தான் தெரியும். அவர் அன்று அதைச் சொல்லாதது அவருடைய பெருந்தன்மை.

ஜூன் மாதம் யாழ்ப்பாணம் போய்வந்த எண்ணூறு கிலோமீற்றரையும் நான்தான் ஓட்டினேன். மகள் வரவேயில்லை.

அன்றிரவு சட்டத்தரணி நண்பரொருவருடன் பேசினேன். அவர் சொன்ன விபரம் வாசகர்களுக்குப் பயன்படக்கூடும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப்பற்றி அதிகாரசபையிடம் முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிடவேண்டும். நாங்கள் வாங்கியது பெப்ரவரியில், காலம் கடந்துவிட்டது. இங்கே ஒரு வாசல் திறந்திருந்தது. அதே சட்டம் சேவைகளையும் உள்ளடக்குகிறது. சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதைச் செய்வார் என்பது சொல்லாமலே உள்ள உத்தரவாதம். கேபிளை இறுக்கியது மே கடைசியில். அதற்கு மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. "காரை விட்டுவிடு, சேவையைப் பிடி" என்றார் நண்பர். அதாவது, என் மகள் முறைப்பாடு சொல்லி எழுதுவித்த அந்த இரண்டு வரிகள்தான் எங்களிடமிருந்த ஒரே ஆவணம். விற்பனையாளரின் வாய்மொழியும் எனது அனுபவமும் கொட்டை எழுத்து விளம்பரமும் ஒன்றுக்கும் உதவவில்லை.

அலுவலகத்தில் விஷயம் பரவியது. ஒரு பத்தி எழுதிவிடு, நாளைக்கே காரோடு வந்து வாசலில் நிற்பார்கள் என்றார்கள் இளம் சகாக்கள். விளம்பரப் பகுதியிலிருந்து ஒருவர் வேறு விதமாக வந்தார். அந்த நிறுவனம் நம் பத்திரிகையில் அரைப்பக்க விளம்பரம் போடுகிறது, நீங்கள் எழுதத் தேவையில்லை, நான் ஒரு தொலைபேசி எடுத்தால் முடிந்துவிடும் என்றார். இரண்டையும் வேண்டாமென்றேன். அதைத் தியாகம் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். ஆசைதான் இருந்தது. ஆனால் அந்த முற்றத்தில் நானா "கால எடுங்க" என்று சொல்லியிராவிட்டால் நான் கட்டாயம் எழுதியிருப்பேன். ஆத்திரத்தோடும் ஆதாரத்தோடும், பாதி மட்டும் தெரிந்துகொண்டு எழுதியிருப்பேன். நிறுவனத்தின் பெயரை இன்றும் நான் சொல்லாததற்குக் காரணம் அதுவே.

முறைப்பாட்டுக் கடிதத்தை முதலில் கம்பனியின் பொது முகாமையாளருக்கு அனுப்புவது, பத்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அதிகாரசபைக்குக் கொண்டுபோவது என்று தீர்மானித்தோம். ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்ய மகள் அமர்ந்தாள். நான் சொல்லச் சொல்ல அடித்தாள். திகதி, வேலை அட்டை இலக்கம், அவள் சொன்ன முறைப்பாடு, அவர்கள் செய்த வேலை, அதன் பிறகு கிளச்சின் பிடி மேலே வந்தது, மிதியில் இடைவெளியில்லாமல் இருந்ததை மூவர் பார்த்தது. எல்லாம் ஒழுங்காக வந்தது. பிறகு நான், "இவ்வாகனத்தை ஓட்டிய இருவரும் முறையான பழக்கமுள்ள சாரதிகள் என்பதையும் உறுதிப்படுத்துகிறோம்" என்றேன்.

விசைப்பலகையின் சத்தம் நின்றது.

"அந்த வசனம் வேண்டாம் அப்பா."

"அதில்லாட்டி அவங்கள் திரும்பவும் உன்னைத்தான் சொல்லுவாங்கள் பிள்ளை."

"சொல்லட்டும். நாங்கள் பொய் எழுதக்கூடாது."

குசினியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். நான் அந்த முச்சக்கர வண்டியில் பேசியவற்றுக்காக மகளிடம் ஒரு சொல் சொல்லியிருக்கவேண்டிய இடம் அது. எங்கள் வீடுகளில் தகப்பன்மார் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. எனக்கு அதற்கான வசனம் தெரிந்திருக்கவில்லை. ஆயிரம் தலையங்கம் எழுதியவன்தான். கடைசியில், "அப்ப வேறை ஒண்டு எழுது" என்றேன். "பிரதான சாரதி மகள் என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருப்பது தவறு. கடைசி மூவாயிரம் கிலோமீற்றரில் பெரும்பகுதியை ஓட்டியவர் தகப்பன்." அவள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு அடித்தாள். என் காலைப்பற்றி அக்கடிதத்தில் எதுவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இன்று நினைக்கிறேன். அவர்கள் கேட்கவில்லை.

எட்டாவது நாள் அழைத்தார்கள். இந்தமுறை கண்ணாடி அறையில் வயதான முகாமையாளர் ஒருவர் இருந்தார். வேலை அட்டையின் பிரதி அவர் முன்னால் இருந்தது. நான் பத்திரிகைக்காரன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. யார் சொன்னார்களோ, நான் சொல்லவில்லை. எங்கள் முன்னிலையில் கழற்றினார்கள். தட்டின் உராய்வுப் படை தறையாணித் தலைகள்வரை தேய்ந்திருந்தது. பிளைவீலில் சூடேறியதால் நீலப் புள்ளிகள். எண்ணெய்க் கசிவு இல்லை. இருந்திருந்தால் எஞ்சின் முத்திரையின் குறை என்று அவர்கள் மறுபேச்சின்றி ஏற்கவேண்டியிருந்திருக்கும். பெயாரிங் முகமும் வில்லின் விரல் நுனிகளும் பளபளவென்று தேய்ந்திருந்தன. இது கால் வைத்து ஓட்டியதன் அடையாளம் என்றார் பொறியியலாளர். கேபிள் இறுகியிருந்தாலும் இதே அடையாளம்தானே வரும் என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் முகாமையாளரைப் பார்த்தார். முகாமையாளர் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

கட்டணத்தில் பாதி அவர்கள், பாதி நாங்கள். நல்லெண்ண அடிப்படையில், எந்தத் தவறையும் ஏற்றுக்கொள்ளாமல் என்று எழுதிய தாளில் ஒப்பமிடச் சொன்னார்கள். பத்திரிகைகளில் நாங்கள் ஆறாம் பக்கத்தின் அடியில் போடும் 'வருந்துகிறோம்' கூட அதைவிட நேரடியானது. சட்டத்தரணி நண்பர் ஒப்பமிடாதே, முழுவதும் கேள் என்றார். நான் ஒப்பமிட்டேன். முப்பத்துநாலாயிரம் ரூபா எனக்குச் சரியான தொகையாகவே பட்டது. ஏன் என்று நண்பருக்குச் சொல்லவில்லை. சாரதியின் பெயரைத் திருத்தவேண்டும் என்பதில் மட்டும் விடாமல் நின்றேன். கணினியில் ஏறியதை மாற்றமுடியாது என்றார்கள். கடைசியில் அந்தத் தாளின் அடியில் முகாமையாளர் கையாலேயே ஒரு வரி எழுதி, சுருக்கொப்பம் வைத்தார். பழைய தட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டோம். மாற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன்; பிறகு வழக்கென்று வந்தால் பேசக்கூடியது அதுவொன்றுதான்.

மகள் அதன்பின் நான்கு மாதங்கள் அந்தக் காரைத் தொடவில்லை. பஸ்ஸில் போனாள். சாவியை மேசையில் வைத்துப் பார்த்தேன், மனைவி மூலம் சொல்லிப் பார்த்தேன். டிசம்பரில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். மருந்துக்குப் போகவேண்டும். அவளாகவே சாவியை எடுத்தாள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இருக்கிற காரைக் கட்டிக்காப்பது என்பது நாட்டுக்கே வேலையாகிவிட்டது. 2022இல் எரிபொருள் வரிசைகளில் இரவு பகலாகக் கிடந்தபோது, முன்னால் உள்ளவர் நகரும் ஒவ்வொரு தடவையும் எஞ்சினை எழுப்பாமல், நானும் மகளும் இறங்கிக் காரைத் தள்ளினோம். பெற்றோலும் மிச்சம், கிளச்சும் மிச்சம் என்றாள். அந்த இரண்டாவது கிளச் இன்றும் ஓடுகிறது, எழுபதாயிரம் தாண்டிவிட்டது.

விலை மலிந்த கார் என்பதால் இடது கால் ஓய்வதற்கென்று அதில் தனி இடம் வைத்திருக்கவில்லை. கிளச் மாற்றிய அடுத்த வாரமே நானா பஞ்சிகாவத்தையில் எங்கோ ஒரு பழைய காரிலிருந்து கழற்றிய கால்தாங்கியொன்றைத் தேடி எடுத்து, மிதிக்கு இடப்புறம் பூட்டித் தந்தார். காசு வாங்கவில்லை. பெரும்பாலும் என் கால் அதில்தான் இருக்கிறது. நெடுந்தூரம் போகும்போது, பேச்சு சுவாரஸ்யமாகிவிட்டால், தன்னையறியாமல் மிதிக்குப் போய்விடும். பக்கத்து ஆசனத்திலிருந்து மகள் வீதியைப் பார்த்தபடியே சொல்வாள்:

"அப்பா, கால்."